நெஃப்ராலஜி படிக்கும் டாக்டர்களுக்கு: ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் சிறுநீரக மருத்துவத்தில் டிஎம் அல்லது டிஆர்என்பி (எம்டி-க்குப் பிந்தைய மேற்படிப்புகள்) படிப்பவர்களுக்காக எழுதியது இது. ரவுண்ட்ஸ் முடிந்த பிறகும், கேன்டீனில் டீ குடிக்கும்போதும் ஜூனியர்கள் கேட்கும் கேள்விகளையே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு விதி இருக்கிறது, அதைச் சொல்லியிருக்கிறேன். மற்றவை என் அபிப்பிராயம். உங்கள் கைடு வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையும் கேளுங்கள்.

முதல் வருடம் முழுக்க டூட்டியிலேயே போய்விடுகிறது. ஆய்வுக்கு நேரம் எங்கே?

முதல் சில மாதங்களுக்கு ஆய்வை மறந்துவிடலாம். கழுத்தில் லைன் போடுவது, பயாப்ஸி எடுப்பது, பொட்டாசியம் 7-ஐத் தாண்டியவரை நடுராத்திரியில் டயாலிசிஸ் மெஷினில் ஏற்றுவது இதெல்லாம் கைக்குப் பழகும்வரை வேறு எதிலும் மனசு நிற்காது.

ஆனால் தலைப்பைத் தேர்ந்தெடுப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நம் துறையில் நோய்கள் மெதுவாக நகர்பவை. நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர் வைக்கவே மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கச் சொல்கிறது கேடிகோ என்ற சர்வதேசச் சிறுநீரக அமைப்பின் வழிகாட்டுதல். பாம்புக்கடியில் பழுதான சிறுநீரகம் முழுதாகத் தேறியதா என்று சொல்ல ஒரு வருடமாவது தொடர்ந்து பார்க்க வேண்டும். எதிக்ஸ் கமிட்டிக்குச் சில மாதம், ஆள் சேர்க்க ஒரு வருடம், தொடர்ந்து பார்க்க ஒரு வருடம், எழுத மூன்று நான்கு மாதம் என்று கூட்டிப் பாருங்கள். படிப்புக்காலம் அத்தனையும் அதிலேயே தீர்ந்துவிடுகிறது. அதனால் சேர்ந்த ஆறு மாதத்துக்குள் கேள்வி கையில் இருக்க வேண்டும்.

தீசிஸ் முடித்தால் போதாதா?

பாஸ் ஆகப் போதுமா என்பது நீங்கள் படிக்கும் இடத்தின் விதியைப் பொறுத்தது. கிண்டியில் இருக்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு விதி, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு விதி, டிஆர்என்பி நடத்தும் தேசியத் தேர்வு வாரியத்துக்கு இன்னொரு விதி. உங்கள் பேட்சுக்கு உரிய சுற்றறிக்கையை நீங்களே எடுத்துப் படியுங்கள், சீனியர் வாய்வழியாகச் சொல்வதை நம்பி இருக்காதீர்கள்.

வருத்தம் என்னவென்றால், நல்ல தீசிஸ்கள் பல பைண்டிங் ஆகி, அட்டையில் தங்க எழுத்து ஏறி, துறை அலமாரியில் உட்கார்ந்துவிடுகின்றன. உள்ளே இருக்கும் தகவல் அடுத்த தெருவில் இருக்கும் டாக்டருக்குக்கூடப் போய்ச் சேர்வதில்லை. பரீட்சைக்கு முன்பே அதைக் கட்டுரை வடிவில் ஒருமுறை எழுதி வையுங்கள். பரீட்சை முடிந்ததும் வேலை, வீடு, குழந்தை என்று ஓட ஆரம்பித்துவிட்டால் அதைத் தொட நேரம் கிடைக்காது.

நல்ல ஆய்வுக் கேள்வியை எங்கே தேடுவது?

வார்டிலேயே இருக்கிறது. பெரும்பாலானவர்கள் வெளிநாட்டு ஜர்னலைப் புரட்டி, அங்கே ஏதோ ஒரு பயோமார்க்கரைப் பார்த்து, அதையே இங்கே அறுபது பேரிடம் அளந்து பார்க்கிறேன் என்று வருவார்கள். கிட் விலை கேட்டதும் தலைப்பு மாறிவிடும். அதற்குப் பதில், உங்கள் ஓபி-யில் மட்டும் தென்படுகிற, வெளிநாட்டு நெஃப்ராலஜிஸ்ட் வாழ்நாளில் ஒன்றிரண்டு பார்த்திருந்தால் அதிகம் என்கிற விஷயங்களைக் கவனியுங்கள்.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். கண்ணாடி விரியன் கடித்து, சிறுநீர் நின்றுபோய், சுற்றுவட்ட மாவட்டங்களிலிருந்து ஆம்புலன்ஸில் வருபவர்களை அரசு மருத்துவமனையில் இருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கடிபட்ட எத்தனை மணி நேரத்தில் மருந்து ஏறியது, ரத்தக்குழாய்க் கசிவு இருந்தவர்கள் எப்படித் தேறினார்கள், டயாலிசிஸ் நிறுத்தி வீட்டுக்குப் போனவர்களுக்கு ஆறு மாதம் கழித்துப் புரதம் போகிறதா, ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதா? ஒவ்வொன்றும் ஒரு தீசிஸுக்குப் போதும். இந்தியாவின் விஷமுறிவு மருந்துத் தயாரிப்புக்கு விஷம் தரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் தொடங்கியது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது. ஓர் ஊர்ப் பாம்பின் விஷத்திலிருந்து செய்த மருந்து இன்னோர் ஊர்ப் பாம்புக்கு எவ்வளவு வேலை செய்யும் என்பது இன்னும் சூடான விவாதம். நீங்கள் அந்த விவாதத்தின் நடுவில்தான் நின்றுகொண்டிருக்கிறீர்கள்.

அடுத்தது நாட்டு மருந்து. சிறுநீரக வடிகட்டியின் சவ்வு தடித்துப் புரதம் ஒழுகும் மெம்பரனஸ் நெஃப்ரோபதியில் நெல்-1 (NELL-1) என்கிற ஆன்டிஜன் படியும் வகைக்கும், பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டிய கட்டுரை 2022-ல் கிட்னி இன்டர்நேஷனல் இதழில் வந்தது. சென்னையில் இயங்கும் சிறுநீரகத் திசுப் பரிசோதனை மையம் ஒன்றின் முன்முயற்சி அது. அதன் ஆரம்பம் எங்கே என்று யோசியுங்கள்: திசுவில் ஒரு சாயத்தைப் பார்த்துவிட்டு, "இவர் என்ன மருந்து சாப்பிட்டார்?" என்று திரும்பிக் கேட்டதில். உங்கள் ஓபி சீட்டில் அந்தக் கேள்விக்கு இடம் இருக்கிறதா? பெரும்பாலும் "நேட்டிவ் மெடிசின் பிளஸ்" என்று ஒரு வரி இருக்கும். என்ன பொடி, எத்தனை மாதம், எதற்காக என்று இருக்காது. நோயாளியின் பையில் அந்தப் பொட்டலம் இருந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வெயில் இன்னொன்று. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களின் உடலில் வெப்பமும் நீரிழப்பும் என்ன செய்கின்றன, சிறுநீரகம் எவ்வளவு பாதிக்கப்படுகிறது என்று போரூர் ராமச்சந்திராவின் ஆராய்ச்சியாளர்கள் நேரில் போய் அளந்தார்கள். நீரிழிவோ ரத்த அழுத்தமோ இல்லாமல் சிறுநீரகம் சுருங்கி வருகிற விவசாயக் கூலிகளைப் பற்றி ஆந்திராவின் உத்தானம் பகுதியிலிருந்து நிறையப் பேசப்பட்டுவிட்டது. நம் ஓபி-யிலும் அவர்கள் வந்து உட்காருகிறார்கள். "காரணம் தெரியவில்லை" என்று எழுதி அனுப்புவதற்குமுன் தொழில் என்ன, எத்தனை மணி நேரம் வெயிலில், குடிதண்ணீர் எங்கிருந்து, வலி மாத்திரை எத்தனை என்று கேட்டு எழுதியிருந்தால் அது ஏற்கெனவே பாதி ஆய்வு.

மழைக்காலத்தில் லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல். தண்ணீர் தேங்கிய தெருவில் நடந்தவர்களுக்கு மஞ்சள் காமாலையும் சிறுநீரகப் பாதிப்பும் வருவதைச் சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் கவனித்து எழுதிய கட்டுரை 1995-லேயே இந்திய மருத்துவர்கள் சங்க இதழில் வந்துவிட்டது. முப்பது வருடம் ஆயிற்று. வெள்ளம் அதிகமான இந்தக் காலத்தில் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பதும் ஆய்வுதான்.

கைடு ஒரு தலைப்பு கொடுத்துவிட்டார், எனக்குப் பிடிக்கவில்லை. மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் வெறும் கையோடு போய் "வேற டாபிக் குடுங்க சார்" என்று நிற்கக் கூடாது. ஒரே பக்கத்தில் கேள்வி, யாரைச் சேர்ப்போம், எதை அளப்போம், மாதத்துக்கு எத்தனை பேர் கிடைப்பார்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். கடைசி எண்தான் முக்கியம். வார்டு ரிஜிஸ்டரில் போன வருடம் அந்த நோயில் எத்தனை பேர் அட்மிட் ஆனார்கள் என்று எண்ணிவிட்டுப் போனால் பாதிப் பேச்சு முடிந்த மாதிரி. கைடு மறுப்பதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கலாம்: அவருடைய துறையில் தொடர்ச்சியாக ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும், உங்கள் தலைப்பு அதில் ஒரு கண்ணி. அப்படியென்றால் வாங்கிக்கொள்ளுங்கள். தனியாக எழுதும் சின்ன ஆய்வைவிட, ஐந்து வருடமாகச் சேர்ந்துவரும் தகவலில் ஒரு பங்கு பெரிது.

டயாலிசிஸ் யூனிட்டில் இருக்கும் பழைய சார்ட்டுகளை வைத்து ஆய்வு செய்யலாமா?

செய்யலாம், எதிக்ஸ் கமிட்டி அனுமதியோடு. ஆனால் முதலில் ஒரு கட்டு சார்ட்டை எடுத்துப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். ஒரு ஷீட்டில் டயாலிசிஸுக்கு முந்தைய எடை, பிந்தைய எடை, எவ்வளவு நீர் எடுத்தோம், மணிக்கொரு பிபி, ஹெப்பாரின், ரத்தம் எடுக்கும் வழி ஃபிஸ்டுலாவா கத்தீட்டரா என்று கட்டங்கள் இருக்கும். முதல் மணி நேர பிபி எல்லாருக்கும் சரியாக இருக்கும். மூன்றாவது மணிக்கு வரும்போது பாதிப் பேருக்கு ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். 130/80 வரிசையாக வந்தால், அது அளந்ததா, நிரப்பியதா என்று டெக்னீஷியனிடம் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேளுங்கள், குற்றம் சாட்டுகிற தொனியில் வேண்டாம். மூன்று ஷிப்ட் ஓடுகிற யூனிட்டில் அவர்கள் படும் பாடு உங்களுக்கே தெரியும்.

அடிப்படை கிரியாட்டினின், அதாவது இந்த நோய் வருவதற்கு முன்பு இருந்த அளவு, பாதிப் பேருக்குக் கிடைக்காது. இரண்டு மாதம் முன்பு தனியார் லேபில் எடுத்த ரிப்போர்ட் நோயாளியின் வீட்டில் மஞ்சப் பையில் இருக்கும். பழைய சார்ட்டை வைத்துச் செய்யும் ஆய்வின் எல்லை இது. அதனால் பழைய தகவலை வைத்து ஒரு சின்னக் கேள்விக்கு விடை தேடுங்கள், கூடவே இன்றிலிருந்து வருகிறவர்களுக்கு நீங்களே ஒரு படிவம் வடிவமைத்து நிரப்ப ஆரம்பியுங்கள். அதில் தொலைபேசி எண்ணுக்கு மூன்று இடம் விடுங்கள்: அவருடையது, மகன் அல்லது மகளுடையது, பக்கத்து வீட்டுக்காரருடையது. ரீசார்ஜ் செய்யாமல் எண் மாறிவிட்டால் ஆள் தொலைந்து போவார்.

சிஏபிடி, அதாவது வயிற்றுக்குள் திரவம் விட்டு வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸ், நடக்கும் துறையில் இருந்தால் இன்னொரு எளிய வேலை: பெரிட்டோனைட்டிஸ் என்ற வயிற்றுச் சவ்வுத் தொற்று வரும் வீதத்தை எண்ணுவது. சர்வதேசப் பெரிட்டோனியல் டயாலிசிஸ் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 0.40 முறைக்கு மேல் போகக் கூடாது என்கிறது. உங்கள் யூனிட்டின் எண் என்ன? தெரியாதென்றால் அதைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் தொடங்கிய பிறகு டயாலிசிஸ் திரவப் பைகள் வீட்டுக்கே போகின்றன. அப்படி வீட்டில் பை கிடைத்தவர்களுக்குக் கிருமித்தொற்று கூடியதா குறைந்ததா என்பதைச் சென்னையிலிருந்துதான் எழுத முடியும்.

எதிக்ஸ் கமிட்டி என்றாலே பயமாக இருக்கிறது. எதைத் தயார் செய்ய வேண்டும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறை வழிகாட்டுதலை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். எந்த ஆய்வுக்கு முழுக் கமிட்டி கூட வேண்டும், எதற்கு விரைவுப் பரிசீலனை போதும், பெயர் நீக்கிய பழைய தகவலுக்குச் சம்மதத்திலிருந்து எப்போது விலக்குக் கேட்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

மருந்தையோ சிகிச்சை முறையையோ ஒப்பிடும் ஆய்வென்றால் சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவு கட்டாயம், இலவசமும்கூட. 2018 ஏப்ரலிலிருந்து முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு முடிந்திருக்க வேண்டும், பிறகு ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். பதிவு செய்ய எதிக்ஸ் அனுமதிக் கடிதம் தேவை, ஆகவே வரிசை இதுதான்: கமிட்டி, சிடிஆர்ஐ, அப்புறம் நோயாளி. இந்த வரிசை தப்பினால் பின்னால் எந்த நல்ல ஜர்னலும் வாங்காது.

கமிட்டிக்குப் போகும்போது நான் அதிகம் கவலைப்படுவது தமிழ்ச் சம்மதப் படிவத்தைப் பற்றி. ஆங்கிலப் படிவத்தை மெஷினில் போட்டு மாற்றி, "இவ்வாய்வின் பங்கேற்பாளராகிய தாங்கள் விலகிக்கொள்ளும் உரிமையுடையவராவீர்" என்று வந்து நிற்கும். திருவள்ளூரிலிருந்து வந்த பாட்டிக்கு அது புரியுமா? "நீங்க சேரலைன்னாலும் வைத்தியம் இதே மாதிரி நடக்கும். நடுவுல வேண்டாம்னா நிறுத்திக்கலாம்" என்று எழுதுங்கள். எழுதியதை டயாலிசிஸுக்குக் காத்திருக்கும் ஒருவரிடம் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

புள்ளியியல் எனக்கு வராது. ஆள் வைத்துச் செய்யலாமா?

உதவி வாங்கலாம். ஆனால் தகவல் எல்லாம் சேர்த்த பிறகு எக்ஸெல் ஷீட்டைக் கொண்டுபோய் நீட்டினால் புள்ளியியலாளரால் உங்களைக் காப்பாற்ற முடியாது. மாதிரி எண்ணிக்கை முடிவு செய்யும்போதே போய்ப் பாருங்கள். அயப்பாக்கத்தில் இருக்கும் ஐசிஎம்ஆர் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் அடிப்படை உயிர்மருத்துவ ஆய்வுப் படிப்பை எம்டி காலத்திலேயே முடித்திருப்பீர்கள், சர்டிஃபிகேட்டுக்காக வீடியோவை வேகமாக ஓடவிட்டும் இருப்பீர்கள். இப்போது திரும்பப் பாருங்கள், உங்கள் கேள்வி கையில் இருக்கும்போது அதே பாடம் வேறு மாதிரி கேட்கும்.

ஆர், ஜமோவி, எபி இன்ஃபோ எல்லாமே இலவசம். திருட்டு எஸ்பிஎஸ்எஸ் தேவையில்லை.

பணம்?

டிஎம் தீசிஸுக்கு ஐசிஎம்ஆர் உதவித்தொகை தரும் திட்டம் உண்டு. அறிவிப்பு வரும் நேரத்தைக் கவனித்து விண்ணப்பியுங்கள். இந்திய நெஃப்ராலஜி சங்கமும் உறுப்பினர்களின் ஆய்வுக்கு நிதி தருகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் பல்துறை ஆராய்ச்சிப் பிரிவு இருக்கிறது, லேப் வேலைக்கு முதலில் அங்கே போய்க் கேட்க வேண்டும்.

பணம் குறைவு என்பதால் பெரிய வேலை செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணியின் கிராமத் திட்டத்தைக் காட்டுவேன். சென்னை கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் நகருக்கு வெளியே உள்ள கிராமங்களில் பணியாளர்கள் வீடுவீடாகப் போனார்கள். சில கேள்விகள், பிபி, சிறுநீரில் புரதத்துக்கு சல்ஃபோசாலிசிலிக் அமிலம், சர்க்கரைக்கு பெனடிக்ட் கரைசல், அவ்வளவுதான் சோதனை. பிபி மருந்தும் சர்க்கரை மருந்தும் கிடைப்பதில் மலிவானவை. முடிவுகள் 2003-ல் கிட்னி இன்டர்நேஷனல் துணை இதழில் வந்தன, ஏழை நாடுகளில் சிறுநீரக நோயைத் தடுப்பது பற்றிப் பேசும் இடங்களில் இன்றும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். பெனடிக்ட் கரைசல் நீங்கள் எம்பிபிஎஸ் முதல் வருடத்தில் கொதிக்க வைத்ததுதான்.

சென்னையில் மருத்துவமனைக்கு வெளியே யாரோடு சேர்ந்து வேலை செய்யலாம்?

நம்மவர்கள் காம்பவுண்டு சுவரைத் தாண்டிப் போவதே இல்லை. சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1956-ல் தொடங்கிய அந்த இடத்தில்தான், காசநோயாளியை சானடோரியத்தில் வைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் குணமாகும் என்று மெட்ராஸ் ஏழைக் குடும்பங்களிடம் ஆய்வு செய்து நிறுவினார்கள், 1959-ல் வெளியான முடிவு உலகம் முழுக்க வைத்திய முறையை மாற்றியது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்குக் காசநோய் வந்தால் ரிஃபாம்பிசின் கொடுத்ததும், உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸின் அளவு சரிந்துவிடும் என்று நாம் தினமும் தலையைப் பிய்த்துக்கொள்கிறோம். ரயிலில் சில ஸ்டேஷன் தள்ளி அந்தத் துறையின் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். போய்ப் பேசுங்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் அடிப்படை மருத்துவ அறிவியல் துறைகள் இருக்கின்றன. ஐஐடி மெட்ராஸில் 2023-ல் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்பத் துறை தொடங்கினார்கள். ஃபிஸ்டுலாவில் ரத்த ஓட்டம், மெஷின் தகவலைக் கணினியில் அலசுவது போன்ற எண்ணங்கள் இருந்தால் அங்கே காது கொடுப்பார்கள். உறுப்பு மாற்று பற்றிய கேள்வி என்றால் டிரான்ஸ்டான், அதாவது தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம். மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறும் திட்டத்தை மாநிலம் 2008-லேயே முறைப்படுத்திவிட்டது, அத்தனை வருடத் தகவல் சேர்ந்திருக்கிறது. முறையாக எழுதிக் கேட்டு, அனுமதி வாங்கித்தான் பயன்படுத்த வேண்டும். டேங்கர் அறக்கட்டளை 1993-லிருந்து டயாலிசிஸ் உதவியும் விழிப்புணர்வு வேலையும் செய்கிறது, சமூக அளவிலான ஆய்வு என்றால் அவர்களையும் பாருங்கள்.

கட்டுரைகளைப் படிக்கவே பணம் கேட்கிறார்களே?

அரசுக் கல்லூரி என்றால் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. உங்கள் கல்லூரி நூலகத்தில் லாகின் கேட்டு வாங்குங்கள். தனியார் மருத்துவமனையில் இருப்பவர்கள் கட்டுரை எழுதியவருக்கே ஒரு மெயில் போடலாம், பெரும்பாலும் பிடிஎஃப் அனுப்பிவிடுவார்கள்.

கேஸ் ரிப்போர்ட் எழுதினால் மதிப்பு உண்டா?

எழுதக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அபூர்வம் என்பதற்காக மட்டும் எழுதாதீர்கள், படிப்பவர் அடுத்த நோயாளியிடம் ஒன்றை மாற்றிச் செய்ய வேண்டும். கேர் என்ற செக்லிஸ்ட் இருக்கிறது, அதை வைத்து எழுதுங்கள். நோயாளியின் எழுத்துப்பூர்வச் சம்மதம் டிஸ்சார்ஜுக்கு முன்பே வாங்க வேண்டும். அதேபோல பயாப்ஸி ஸ்லைடின் படத்தை அன்றே பேத்தாலஜிஸ்டிடம் கேட்டுவிடுங்கள். ஒரு வருடம் கழித்துக் கேட்டால் பிளாக் எந்த அலமாரியில் என்று தேட வேண்டும்.

எந்த மாநாடுகளுக்குப் போகலாம்?

இந்திய நெஃப்ராலஜி சங்கம் 1970-லிருந்து இருக்கிறது. அதன் ஆண்டு மாநாடும் தென்மண்டலக் கிளையின் மாநாடும் முதல் இலக்கு. மண்டல மாநாட்டில் போஸ்டர் வைத்துவிட்டு, திட்டு வாங்கி, திருத்தி, பிறகு தேசிய மாநாட்டுக்குக் கொண்டு போங்கள். சர்வதேச நெஃப்ராலஜி சங்கத்தின் உலக மாநாடு 2025 பிப்ரவரியில் புதுடெல்லியிலேயே நடந்தது. அமெரிக்கச் சங்கத்தின் கிட்னி வீக்குக்கு அப்ஸ்ட்ராக்ட் ஏற்கப்பட்டாலும் டிக்கெட், விசா, லீவு மூன்றும் சேர்ந்து அமைய வேண்டும், அதனால் பயண உதவித்தொகைக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.

போஸ்டர் பக்கத்தில் நில்லுங்கள். ஒட்டிவிட்டு பிரியாணி கவுண்டருக்குப் போய்விட்டால், கேள்வி கேட்க வந்த ஒரே ஆள் திரும்பிப் போய்விடுவார்.

வெளிநாட்டில் பயிற்சிக்கு வாய்ப்பு?

சர்வதேச நெஃப்ராலஜி சங்கத்தின் ஃபெல்லோஷிப் நம்மைப் போன்ற நாடுகளின் இளம் டாக்டர்களுக்கென்றே 1985-லிருந்து நடக்கிறது. போய்க் கற்றுக்கொண்டு சொந்த ஊருக்குத் திரும்பி அந்த வேலையைத் தொடங்க வேண்டும் என்பது நிபந்தனை, அதனால் இங்கே உங்கள் துறைத் தலைவர் எழுதித் தரும் கடிதம் முக்கியம். "நெஃப்ராலஜி கற்க விரும்புகிறேன்" என்று விண்ணப்பம் எழுதினால் ஒதுக்கிவிடுவார்கள். "எங்கள் மருத்துவமனையில் இடையீட்டு நெஃப்ராலஜி இல்லை, கத்தீட்டர் போட்டே ஓட்டுகிறோம், இதைக் கற்று வந்தால் இந்த யூனிட்டைத் தொடங்குவோம்" என்று எழுதுங்கள்.

எந்த ஜர்னலுக்கு அனுப்புவது? தினமும் மெயில் வருகிறதே, "டியர் எமினென்ட் டாக்டர்" என்று?

அந்த மெயில்களை நீக்கிவிடுங்கள். ஒரு வாரத்தில் ஏற்றுக்கொள்கிறோம், பணம் அனுப்புங்கள் என்பவர்களுக்கு உங்கள் கட்டுரையைப் படிக்க நேரம் கிடையாது. இந்தியன் ஜர்னல் ஆஃப் நெஃப்ராலஜி நம்முடைய சங்கத்தின் இதழ், பப்மெடில் இருக்கிறது, நம் நோயாளிகளைப் பற்றி நம்மவர்கள் படிக்கிற இடம். முதல் கட்டுரைக்கு அது கௌரவமான வீடு. கிட்னி இன்டர்நேஷனல் ரிப்போர்ட்ஸ் 2016-ல் தொடங்கிய திறந்த இதழ், பிரசுரக் கட்டணம் உண்டு. சலுகை கிடைக்குமா என்று அனுப்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

நிராகரிப்பு வரும், எல்லாருக்கும் வரும். ரிவ்யூவர் எழுதியதை ஒரு நாள் ஆறப் போட்டுவிட்டுத் திரும்பப் படித்தால் பாதி சரி என்று தோன்றும். அதைத் திருத்தி அடுத்த இதழுக்கு அனுப்புங்கள்.

ஆசிரியர் பட்டியலில் யார் யார் பெயர் வர வேண்டும்?

சங்கடமான கேள்வி. சர்வதேச மருத்துவ இதழாசிரியர் குழுவின் விதி தெளிவானது: வேலையில் உண்மையான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கேள்வி வந்தால் பொறுப்பேற்பது. நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். துறையில் பெரியவர் என்பது ஐந்தாவது விதி கிடையாது, ஆனால் நடைமுறையில் அப்படி இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். என் யோசனை: வேலை தொடங்கும் அன்றே யார் முதல், யார் கடைசி என்று பேசி, மெயிலில் எழுதிக்கொள்ளுங்கள். முடிவில் பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும். இரவு ரத்தம் எடுத்த டெக்னீஷியனுக்கும் உணவு முறை கணக்கிட்ட டயட்டீஷியனுக்கும் நன்றியாவது சொல்லுங்கள்; நான்கு விதியும் பொருந்தினால் ஆசிரியராகவே போடுங்கள்.

காசு கொடுத்துப் பெயர் சேர்ப்பது, ஆள் வைத்து எழுதுவது இரண்டும் வேண்டாம். பிற்பாடு யாராவது கிளறும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

சாட்ஜிபிடி வைத்து எழுதலாமா?

ஆங்கிலத்தைச் சீர் செய்யப் பயன்படுத்தலாம், இதழ் கேட்டால் சொல்லிவிட வேண்டும். அது ஆசிரியர் ஆக முடியாது. மேற்கோள் பட்டியலை மட்டும் அதனிடம் விடாதீர்கள், இல்லாத கட்டுரையை இருப்பதாகச் சொல்லும். நோயாளித் தகவலை அதில் ஒட்டவே கூடாது.

எங்கள் தனியார் மருத்துவமனையில் ஆய்வுச் சூழலே இல்லை. என்ன செய்வது?

கார்ப்பரேட் மருத்துவமனையில் ஒரு வசதி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை: ரத்தப் பரிசோதனை எல்லாம் கணினியில் வரிசையாக இருக்கிறது. கிரியாட்டினின் இருபது வருடத்துக்குக்கூடக் கிடைக்கும். கேடிகோ சொல்கிறபடி 48 மணி நேரத்தில் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் ஏறியவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேரை நெஃப்ராலஜிஸ்ட் பார்த்தார் என்று எண்ணினாலே ஒரு நல்ல ஆய்வு. இன்னொரு கேள்வி: நம் ஆட்களுக்குத் தசை குறைவு, பலர் சைவம், கிரியாட்டினின் இயல்பாகவே கீழே நிற்கும். வெளிநாட்டுச் சூத்திரத்தில் போட்டால் வடிகட்டும் திறன் உண்மையைவிட நன்றாகத் தெரியும். தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி-யையும் சேர்த்துப் பார்க்கும் வசதி உங்கள் லேபில் இருந்தால், அரசு மருத்துவமனை நண்பர் ஒருவரோடு சேர்ந்து இரண்டு இடத்திலும் செய்யுங்கள். அவரிடம் நோயாளிகள் இருக்கிறார்கள், உங்களிடம் லேப் இருக்கிறது.

மருத்துவமனைக்கென்று எதிக்ஸ் கமிட்டி இருக்கிறதா, அது சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவானதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஜர்னல் கிளப்பில் தூங்காமல் இருப்பது எப்படி?

நீங்களே எடுங்கள். நெஃப்ஜேசி என்று 2014-லிருந்து உலகம் முழுக்க நடக்கும் இணைய ஜர்னல் கிளப் இருக்கிறது, அதில் வந்த கட்டுரையை எடுத்து, "இந்த ஆய்வில் சேர நம் ஓபி-யில் எத்தனை பேர் தேறுவார்கள்?" என்ற ஒரே கேள்வியோடு நடத்திப் பாருங்கள்.

கோர்ஸ் முடித்து மாவட்ட மருத்துவமனைக்குப் போஸ்டிங் வந்துவிட்டால் ஆய்வு அவ்வளவுதானா?

அங்கேதான் கேள்விகள் அதிகம், கேட்பவர்கள் குறைவு. நெஃப்ராலஜிஸ்ட் நீங்கள் ஒருவர்தான் என்றால் மாவட்டத்துச் சிறுநீரக நோய் பெரும்பகுதி உங்கள் மேஜைக்கு வரும். போன முதல் மாதமே ஒரு ரிஜிஸ்டர் தொடங்குங்கள்: வயது, ஊர், தொழில், தண்ணீர் எங்கிருந்து, நாட்டு மருந்து, வலி மாத்திரை, முதல் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம். படித்த கல்லூரியின் எதிக்ஸ் கமிட்டி வழியாகவோ மாவட்ட மருத்துவக் கல்லூரி வழியாகவோ அனுமதி வாங்கி, அயப்பாக்கத்துத் தொற்றுநோயியல் ஆட்களோடு இணைந்துகொள்ளுங்கள். ஒரு வருடத் தகவல் கையில் சேர்ந்த பிறகு ஐசிஎம்ஆரின் வெளித்திட்ட நிதிக்கோ, மருத்துவர்களுக்கென்று தனி ஃபெல்லோஷிப் வைத்திருக்கும் இந்தியா அலையன்ஸுக்கோ விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் "முன்னோட்டத் தகவல்" என்ற பகுதியை நிரப்ப முடியாமல்தான் பலர் நின்றுவிடுகிறார்கள், உங்களுக்கு அது அந்த ரிஜிஸ்டரில் இருக்கும்.